நான்கு வரிகளுக்குக் கீழே ஓர் எண்

மதிய இடைவேளையில் லாக்கரைத் திறந்தபோது, போனில் தெரியாத எண்ணிலிருந்து இரண்டு தவறிய அழைப்புகள் இருந்தன. எங்கள் தையல் கூடத்தில் வேலை நேரத்தில் யாரும் போன் வைத்திருக்கக் கூடாது. நான் பள்ளிச் சீருடைக்குத் துணி வெட்டும் மேசையில் நிற்பவள். கவனம் சிதறினால் விரல் போய்விடும் என்பார் மேற்பார்வையாளர். திரும்ப அழைத்தேன். ஓர் ஆணின் குரல், பின்னால் பேருந்துகளின் இரைச்சல்.

"தம்பி விழுந்துட்டாரும்மா. இப்பத்தான் ஆம்புலன்ஸ்ல ஏத்துனாங்க."

எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டுக்கொண்டு, கட்டியிருந்த ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடினேன்.

தம்பிக்கு ஒன்பது வயதிலிருந்து வலிப்பு உண்டு. இப்போது இருபத்தெட்டு. அச்சகத்தில் பிழை திருத்துகிறான். அங்கே அவனுக்குப் பெயரே 'ஒற்று' தான். ஒரு 'க்' விடுபட்டிருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. தெருவில் கடைப் பலகையைப் பார்த்து நின்றுவிடுவான். "இவ்ளோ பெரிய பலகையில ஒரு 'ப்' போட இடமில்லையாக்கா? இவனுக்கு எப்படி ராத்திரி தூக்கம் வருது?" என்பான். அவன் சொல்லும் விதத்தில் எனக்குச் சிரிப்பு வரும். அவனுக்கு நிஜமாகவே வயிறு எரியும்.

வருடத்துக்கு இரண்டு தடவை வலிப்பு வரும். இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று. தலைக்கடியில் எதையாவது மடித்து வைத்து, ஒருக்களித்துத் திருப்பிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குப் பதினாலு வயதாக இருந்தபோதே நான் தனியாகச் செய்த வேலை இது. யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதைத்தான் அவனே எழுதி, அச்சகத்திலேயே அட்டையாக அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

எனக்கு வலிப்பு வரும். பயப்படாதீர்கள்.
ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அழுத்திப் பிடிக்காதீர்கள்.
வாயில் எதையும் வைக்காதீர்கள். தண்ணீரும் கூடாது.
ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அதற்குக் கீழே 'அக்கா' என்று போட்டு என் எண். மூன்று முறை மெய்ப்புப் பார்த்தான். பிழையே கிடையாது.

"யாரோ மல்லாக்கப் படுக்க வச்சுத் தண்ணி ஊத்தியிருக்காங்க," என்றார் அவசரப் பிரிவு டாக்டர். "மூச்சுக்குழாய்க்குள்ள போயிருக்கு." முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது. சாவிக்கொத்தை வாயில் திணித்திருக்கிறார்கள். மறுநாள் காய்ச்சல் ஏறியது. நுரையீரலில் கிருமி பரவி, சாயங்காலத்துக்குள் தொண்டையில் குழாயைச் செருகி இயந்திரத்தோடு இணைத்துவிட்டார்கள். என் தம்பியின் நெஞ்சு அந்த இயந்திரம் சொன்னபடி ஏறி இறங்கியது. நாற்பத்தெட்டு மணி நேரம் போக வேண்டும் என்றார்கள்.

அன்றுதான் கூட வேலை செய்கிறவள் தயங்கித் தயங்கி அந்த வீடியோவை அனுப்பினாள். "உனக்குக் காட்டாம இருக்க முடியலடி. எல்லார் போனுக்கும் வந்துடுச்சு."

மூன்று நிமிடம், நாற்பது விநாடி. வலிப்பின்போது அவன் தொண்டையிலிருந்து வரும் சத்தம் எனக்குத் தெரியும். அதனால் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்த்தேன். பேருந்து நிறுத்தத்தின் சிமெண்டுத் தரை. என் தம்பி. சுற்றி நின்றவர்களை எண்ணினேன், பதினேழு பேர். அவர்களில் ஏழு பேர் கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஒரு தாய் குழந்தையின் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் கண் மட்டும் நன்றாகத் திறந்திருந்தது. எவனோ சாவிக்கொத்தைத் திணித்துவிட்டுக் கையைத் துடைத்தபடி கூட்டத்துக்குள் போய்விட்டான். வீடியோ எடுத்தவன், தம்பியின் முகம் சரியாகத் தெரியவில்லை என்று இரண்டடி நகர்ந்திருந்தான்.

தம்பியின் அருகில் பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். தோளில் அழுக்குத் துண்டு. ஒரு கையில் தண்ணீர் பாட்டில். இன்னொரு கையில் தம்பியின் அட்டை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டேதான் ஊற்றினார்.

அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எனக்கு போன் செய்தவர் இவர்தான். கீழே இருந்த எண் கண்ணில் பட்டிருக்கிறது, மேலே இருந்த நான்கு வரி படவில்லை. என் வாயில் வராத வசவெல்லாம் வந்தது. லாக்கரில் பூட்டிக் கிடந்த என் போனுக்கும் சேர்த்து அவரையே திட்டினேன்.

மூன்றாம் நாள் நண்பகல், தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதே பச்சைச் சட்டை நடைபாதையில் வந்தது. கையில் ஒரு பை. அதற்குள் தம்பியின் இடது கால் செருப்பு.

"நான்தாம்மா போன் பண்ணேன். சந்தையில மூட்டை தூக்குறவன். இது அங்கயே கெடந்துச்சு. தம்பி எப்படிம்மா இருக்காரு?"

எழுந்தேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"கண்ணு இல்லையா உங்களுக்கு? தண்ணி கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். கையில வச்சுக்கிட்டே ஊத்துனீங்களே! உள்ள போய்ப் பாருங்க, நீங்க ஊத்துன தண்ணியில மூச்சு விட முடியாமக் கெடக்கான்!"

அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "எழுத்துத் தெரியாதும்மா," என்றார். "நம்பர் மட்டும் தெரியும். மூட்டை எண்ணணும்ல. என்னமோ எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லுங்கய்யான்னு ஒவ்வொருத்தரா மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன். ஒருத்தரும் வாங்கல. உங்களுக்கு ரெண்டு தடவ அடிச்சேன், எடுக்கல. நுரையா தள்ளுது. எனக்குத் தெரிஞ்சதச் செஞ்சேம்மா."

நான் நம்பவில்லை. அவர் முன்னாலேயே போனை எடுத்து, முதல் தடவையாக ஒலியோடு ஓடவிட்டேன்.

முதலில் தம்பியின் தொண்டைச் சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம், "யோவ், கொஞ்சம் தள்ளுய்யா, மறைக்குது." யாரோ, "குடிச்சிருப்பான்." அதற்கெல்லாம் பின்னாலிருந்து இந்த மனிதரின் குரல். "என்ன எழுதியிருக்குன்னு யாராச்சும் படிங்கய்யா! படிச்சவங்க யாருமில்லையா? ஐயா, நீங்க படிங்கய்யா!" நான்கு தடவை கேட்டார். நான்காவது தடவை குரல் உடைந்தது. போனுக்கு மிக அருகில் ஒருவன் சொன்னான், "இந்தாளு வேற நடுவுல."

கோபம் அவரை விட்டு முழுதாகப் போய்விடவில்லை. தண்ணீர் அவர் கையிலிருந்துதான் போயிற்று. ஆனால் அந்தக் கோபத்தைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டிய பதினேழு முகங்களில் ஒன்றுகூட எனக்கு எதிரில் இல்லை.

"படுங்க," என்றேன்.

"என்னம்மா?"

"இங்கயே, தரையில. மல்லாக்கப் படுங்க."

ஒன்றும் கேட்காமல் செருப்புப் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் படுத்தார். நான் பக்கத்தில் முட்டி போட்டேன். மென்மையாகச் செய்ய எனக்கு வரவில்லை. கையைப் பிடித்து இழுத்து நீட்டினேன். முழங்காலை மடக்கினேன். தோளையும் இடுப்பையும் பற்றி ஒரே புரட்டாகப் புரட்டினேன். மூட்டை தூக்கி இறுகிய உடம்பு, ஆனாலும் திரும்பியது. அவருடைய துண்டையே மடித்துத் தலைக்கடியில் திணித்தேன்.

"இப்ப வாய் எங்க பாக்குது?"

"தரையப் பாக்குதும்மா."

"நுரை வந்தா?"

"வெளிய போயிடும்."

"மல்லாக்க இருந்தப்ப?"

அவர் கண்ணிலிருந்து வழிந்த நீர் மூக்கைத் தாண்டி மறு கண்ணில் விழுந்து, அங்கிருந்து துண்டில் இறங்கியது.

"இவ்ளோதானாம்மா?"

"இவ்ளோதான்."

அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். "என்னாச்சு? விழுந்துட்டாரா?" என்றது ஒரு குரல். "ஹார்ட் அட்டாக் போல," என்றது இன்னொன்று. காவலாளி எட்டிப் பார்த்தார். என் தலைக்கு மேலே எங்கோ ஒரு போன் கேமரா திறக்கும் சத்தம் கேட்டது. யாரும் குனியவில்லை. நான் நிமிரவில்லை. என் உள்ளங்கை அவர் தோளிலேயே இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அவர் கன்னத்தைத் துண்டில் அழுத்தியபடி, கண்ணை மட்டும் சுழற்றிப் பார்த்தார்.

"இங்கேர்ந்து பாத்தா காலுங்க மட்டுந்தாம்மா தெரியுது," என்றார்.

நானும் குனிந்து அவர் பார்த்த உயரத்திலிருந்து பார்த்தேன். பூட்ஸ்கள், ரப்பர் செருப்புகள், குதிகால் உயர்ந்த ஒரு ஜோடி. அவற்றில் ஒன்று அரை அடி முன்னால் வந்தது. வந்து, அங்கேயே நின்றது.