முந்நூற்று இரண்டாவது சுற்று

கார் தொழிற்சாலையின் மதிலைச் சுற்றி ஒரு பந்தயக் காரின் சத்தம், கார் இல்லாமல், இருபத்து மூன்று வருடங்களாகத் தினமும் ஒருமுறை ஓடிக்கொண்டிருந்தது. பிற்பகல் மூன்று பத்துக்கு மேற்கு வாசலில் கிளம்பும். ரொட்டிக்கடையைத் தாண்டும்போது அங்கே கண்ணாடி அலமாரி அதிரும். மருந்துக்கடை வளைவில் கியர் குறைந்து, தண்ணீர்த்தொட்டிப் பக்கம் மறுபடி சூடு பிடித்து, மேற்கு வாசலுக்கே திரும்பி வந்ததும் சட்டென்று அடங்கிவிடும். முதல் வாரம் ஜனங்கள் பயந்தார்கள், இரண்டாவது வாரம் மனு கொடுத்தார்கள், மூன்றாவது வாரம் அதை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள். நகராட்சி ஒரு பலகை நட்டது: ‘3.10 சத்தம் கடக்கும் இடம். நின்று செல்லவும்.’ சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் கைகாட்டி வண்டிகளை நிறுத்துவார். ஒருமுறை ஓர் அவசரக்காரர் குறுக்கே புகுந்து, தலையிலிருந்த தொப்பி தண்ணீர்த்தொட்டி வரைக்கும் பறந்தது. தப்பு சத்தத்தின் மேல் இல்லை என்று எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கினார்கள்.

மதிலின் சுற்றளவு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. சத்தம் எடுத்துக்கொண்ட நேரமோ மூன்று நிமிடம் ஐம்பத்தொரு வினாடி. அத்தனை வேகமான சத்தத்துக்கு இத்தனை நேரம் ஏன் என்று ஒருத்தியைத் தவிர வேறு யாரும் யோசிக்கவில்லை. உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்த்த பென்சிலக்கா தினமும் ஸ்டாப்வாட்சை அழுத்திப் பார்த்தாள். பதின்மூன்று கிலோமீட்டர் பந்தயத் தடத்தில் கம்பெனியின் பழைய ‘சில்வண்டு’ கார் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொண்ட நேரம் அது. எந்தச் சுற்று என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் எண்ணாமல் விட்ட சுற்று.

அந்தக் காலத்தில் அவளுக்கு வயது இருபத்தாறு, வேலை சுற்று எண்ணுவது. பந்தயம் இருபத்து நான்கு மணி நேரம், சனிக்கிழமை நாலு மணியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நாலு மணிவரை. கண் சீக்கிரம் களைத்துவிடும், ஒரே நிறத்தில் இரண்டு கார் வந்தால் ஏமாந்தும் போகும், காது அப்படியில்லை என்பது அந்தக் கம்பெனியின் நம்பிக்கை. அதனால் எண்ணுபவர் தடத்துக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும். சில்வண்டின் கரகரத்த குரல் முதுகுக்குப் பின்னால் கடக்கும்போது எண்ணை வாய்விட்டுச் சொல்லித் தாளில் ஒரு டிக் போட வேண்டும். அவள் முந்நூற்று ஒன்றுவரை பிசகாமல் போட்டாள். அடுத்த சுற்றில் பெட்ரோல் தீர்ந்துபோகும் நிலை. ஓட்டுநர் கடைசி இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, பெட்ரோல் நிரப்பும் பிட்டுக்குள் சும்மா உருண்டு வந்தார். அவர்களுடைய பிட் எல்லைக்கோட்டைத் தாண்டி இருந்தது. ஆகவே அது முழுச் சுற்று. ஆனால் சத்தமே போடாமல் வந்த சுற்று. நேரம் மூன்று பத்து. முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவள் டிக் போடவில்லை.

அதே சமயம் பந்தயம் நடத்துபவர்களின் எண்ணும் கருவி மின்சாரம் போய் இருபது நிமிடம் செத்துக் கிடந்தது. ஆகவே முன்னணியில் இருந்த இரண்டு கம்பெனிகளின் தாள்களையும் கேட்டு வாங்கினார்கள். போட்டிக் கம்பெனியின் பச்சைக் கார் முந்நூற்றுப் பன்னிரண்டு, சில்வண்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு, கடைசியில் கோட்டை முதலில் தாண்டியது பச்சை. அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் ஓட்டுநர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, “நான் உருண்டு வந்தேனே, அதச் சேத்தீங்களா?” என்று கேட்டார். கையெழுத்தான தாளை மாற்ற விதியில் இடமில்லை. கம்பெனி பந்தயத்தை விட்டது, சில்வண்டை வெட்டி உருக்கியது. அதற்கெல்லாம் முன்பே, பந்தயத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை மூன்று பத்துக்கு, சத்தம் வந்துவிட்டிருந்தது.

அதிலிருந்து பென்சிலக்கா எதையும் ஒருமுறை எண்ணுவதில்லை. நட்டுகளை இரண்டு முறை, மாடிப்படிகளை ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை. டயர் பிரிவில் வேலை செய்த அவள் புருஷன், “எங்களுக்கு ஒரே பொண்ணு. எத்தன பிள்ளைங்கன்னு கேட்டுப் பாருங்க, இவ அதையும் ரெண்டு தடவ எண்ணிட்டுத்தான் சொல்லுவா” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். அவள் சிரிக்கத்தான் செய்வாள். ஆனால் பழைய தாளின் கார்பன் பிரதியை மடித்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருந்தாள். முந்நூற்று ஒன்றுக்கும் அவள் அடுத்ததாகப் போட்ட டிக்குக்கும் நடுவே ஒரு கட்டம் அகலத்துக்கு வெள்ளையாக இருந்தது. அப்படி ஓர் இடத்தை அவள் அன்று விடவில்லை. அது வருடத்துக்கு ஒரு நூல் வீதம் தானாகவே விலகிக்கொண்டது.

இருபத்து மூன்றாம் வருடத்தின் தொடக்கத்தில் கம்பெனியின் புதிய முதலாளியம்மா சாப்பாட்டுக் கூடத்தில் மேசைமேல் ஏறி நின்று, “சில்வண்ட மறுபடி செய்யப்போறோம். மறுபடி அதே பந்தயத்துக்குப் போறோம்” என்று அறிவித்தார். கூடத்தில் இருந்த தட்டுகள் எல்லாம் ஒரு விரற்கடை எழும்பி உட்கார்ந்தன. அன்றைக்கு வேலை ஓடவில்லை. காரின் மூக்கு எவ்வளவு தாழ்வாக இருக்க வேண்டும் என்று வெல்டிங்காரரும் பெயின்டரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். விடுப்பில் போனவர்கள் திரும்பி வந்தார்கள், ஓய்வு பெற்றவர்கள் வாசலில் வரிசை கட்டினார்கள். பழைய வரைபடங்கள் கரையானுக்குப் போயிருந்தன. பரவாயில்லை, வெல்டிங்காரர் கண்ணை மூடிக்கொண்டு காற்றில் கையை ஓட்டிக் காட்டினார், மற்றவர்கள் அந்தக் கையைப் பின்தொடர்ந்து அளவு எடுத்தார்கள். பத்து மாதத்தில், எலுமிச்சை மஞ்சளில், முன்னைவிடத் தாழ்வாக, முன்னைவிட அகலமாக, அது நாலு காலில் வந்து நின்றது. அதைப் பார்த்த பெயின்டர் ஒரு மணி நேரம் கண் இமைக்க மறந்துபோனார்.

முதன்முதலாகக் கிளப்பிய நாளில் நாலாயிரம் பேர் முற்றத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். தலைமை எஞ்சினியர் பொத்தானை அழுத்தினார். ஒன்றுமே கேட்கவில்லை. புகைக்குழாய்க்குப் பின்னால் பிடித்த காகிதம் பறந்தது, மீட்டர் முள் ஏறியது, சக்கரம் சுழன்றது. சத்தம் மட்டும் இல்லை. ஒரு குருவி எழுந்து போனதுகூடக் கேட்டது.

“ஓடுதா இல்லையாப்பா?” என்றார் எஞ்சினியர்.

“நல்லா ஓடுது சார்” என்றார் மெக்கானிக்.

“அப்ப சத்தம் எங்க?”

“அது வெளிய போயிருக்குது சார். மூணு பத்துக்கு வரும்.”

சிரிப்பு அடங்கவே கால் மணி நேரமானது. சிரித்து முடித்த பிறகுதான் விஷயம் உறைத்தது. காதால் கியர் மாற்றிப் பழகிய ஓட்டுநர்கள், “தலையில தலகாணியக் கட்டிக்கிட்டு ஓட்டற மாதிரி இருக்கு” என்றார்கள். சுற்றுக்கு மூன்று வினாடி வீணானது. பந்தய ஆய்வாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். சத்தம் எவ்வளவு மிஞ்சக் கூடாது என்று இருந்ததே தவிர, எவ்வளவு குறையக் கூடாது என்று இல்லை. அனுமதி கொடுத்துவிட்டார்.

முதலாளியம்மா கிடங்குக்கே வந்து, நட்டுப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடி பென்சிலக்காவைச் சுற்று எண்ணக் கூப்பிட்டார். அவள் உடனே மறுத்தாள். “வேணாம் மேடம். நான் எண்ணித்தான் இவ்வளவும் ஆச்சு.”

“அதுக்குத்தான் கேக்கறேன். சத்தமில்லாம வர்ற வண்டிய விட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத்தானே தெரியும்?”

அவள் அந்தக் கேள்வியையும் மனதுக்குள் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, சரி என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை, நாற்காலியைத் தடத்தைப் பார்த்துப் போட வேண்டும். கம்பெனி தோன்றிய நாளிலிருந்து யாரும் கேட்காத அந்த நிபந்தனைக்கு இயக்குநர் கூட்டமே கூட வேண்டியிருந்தது.

பந்தயத்தில் சில்வண்டு பாய்ந்தது. ஐம்பது கார்களின் இரைச்சலுக்கு நடுவே ஒரு மஞ்சள் மௌனம் வந்து, முன்னால் போகிறவரின் கண்ணாடியில் நிறைந்து, அவர் திடுக்கிட்டு ஒதுங்குவதற்குள் போயே போய்விடும். பென்சிலக்கா கண்ணைத் துணியால் ஒற்றி ஒற்றி எண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சில்வண்டு இரண்டாவது இடம். அதே பச்சைக் கம்பெனியின் கார் நாற்பது வினாடி முன்னால். பக்கத்துப் பிட்டில் அவர்களுக்காக எண்ணியவரும் இருபத்து மூன்று வருடத்துக்கு முன் எண்ணிய அதே மனிதர்தான், முடி மட்டும் போயிருந்தது. சுற்றுகளைத் தானே எண்ணிக் காட்டும் மின்திரை வந்த பிறகும் இரண்டு கம்பெனிகளும் தாளை விடவில்லை. தாளும் திரையும் ஒத்துப்போகாவிட்டால், வாயால் சொல்லி எழுதிய தாளே செல்லும் என்று பழைய விதி ஒன்று இன்னும் இருந்தது.

மூன்று பத்துக்குக் கடைசி இறக்கத்தின் மேலிருந்து அந்தக் கரகரப்பு கேட்டது. நானூறு கிலோமீட்டர் தள்ளி, தொழிற்சாலை மதிலோரம் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டியபடி வெறுமனே நின்றுகொண்டிருந்தார். இங்கே சத்தம் இறக்கத்தில் இறங்கி, பிட் பாதைக்குள் விதிப்படி வேகத்தைக் குறைத்து, மெதுவாக வந்தது. மெக்கானிக்குகள் தாமாகவே வழிவிட்டார்கள். ஒருவர் பழக்கத்தில் பெட்ரோல் குழாயைத் தூக்கினார். எல்லைக்கோட்டைத் தாண்டி, அவள் நாற்காலிக்கு முன்னால், காலியான இடத்தில் அது உறுமிக்கொண்டு நின்றது.

புருஷன் டயரைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து, அவள் காதோரம், “இந்தத் தாள்ல போடு. நம்ம சுற்றுதானே அது. போட்டா இன்னைக்கே ஜெயிச்சோம்” என்றார்.

“இன்னைக்கு ஓடலையேங்க அது.”

“இருபத்து மூணு வருஷமா ஓடுதே அது!”

அவளுக்கு அது நன்றாகத் தெரியும். போட்டால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. சத்தத்தை எல்லோரும் கேட்டார்கள், காதால் எண்ணுவதுதான் கம்பெனி வழக்கம். விட்டால் இனி ஆயுசுக்கும் மூன்று பத்து. அவள் இன்றைய தாளைப் பார்த்தாள், முந்நூற்று நாற்பத்தொன்று, எல்லாம் கண்ணால் கண்டு போட்டது. பிறகு மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து கார்பன் பிரதியை எடுத்து விரித்தாள். தடத்துக்கு முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, “முந்நூற்று ரெண்டு” என்று வாய்விட்டுச் சொல்லி, அந்த வெள்ளை இடத்தில் ஒரு டிக் போட்டாள்.

சத்தம் ஒரு நொடி அடங்கியது. பிறகு அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிபோல் பிட் வாயிலைத் தாண்டித் தடத்தில் பாய்ந்தது. இரண்டாவது வளைவில் சில்வண்டைப் பிடித்ததை எல்லோரும் கேட்டார்கள். மஞ்சள் மௌனம் திடீரென்று தொண்டையைத் திறந்து கத்தியது. ஒலிபெருக்கியில் ஓட்டுநரின் குரல் வந்தது: “கேக்குது! எனக்குக் கேக்குது!” வெல்டிங்காரர் பெயின்டரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். சுற்றுக்கு மூன்று வினாடி, சில சமயம் நாலு வினாடி மிச்சமானது. நாற்பது முப்பதாகி, பதினெட்டாகி, ஏழாகி, கடைசிச் சுற்றில் இரண்டு கார்களும் ஒன்றாக இறக்கத்தில் இறங்கின. கூட்டம் எழுந்து நின்றது, எழுந்தவர்கள் கீழே இறங்கச் சற்று நேரம் பிடித்தது. பச்சைக் கார் அரைக் கார் நீளத்தில் முந்திக்கொண்டது.

பென்சிலக்கா இன்றைய தாளில் அதை அப்படியே எழுதி, ஒரே முறை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்துப் பிட்டின் வழுக்கைத்தலைக்காரர் எழுந்து வந்து, கேட்காமலே கார்பன் பிரதியை வாங்கி, புதிய டிக்குக்குக் கீழே, ‘நானும் கேட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். “ஒருத்தரே போட்டாத்தான் திருத்தம். ரெண்டு பேர் போட்டா பதிவு” என்றார். பந்தயம் நடத்துபவர்கள் முக்கால் மணி நேரம் விதிப்புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டு முத்திரை குத்தினார்கள். ஆகவே கம்பெனி அன்றைய பந்தயத்தில் தோற்று, இருபத்து மூன்று வருடத்துக்கு முந்தைய பந்தயத்தில் ஜெயித்தது. தொழிற்சாலையில் இரண்டையும் சேர்த்தே கொண்டாடினார்கள்.

திங்கட்கிழமை மூன்று பத்துக்கு மதிலோரம் ஒன்றும் வரவில்லை. காவலர் மூன்று நிமிடம் ஐம்பத்தொரு வினாடி வண்டிகளை நிறுத்தி வைத்துவிட்டுப் போகவிட்டார், இன்றுவரை அப்படித்தான் செய்கிறார், யாரும் ஹாரன் அடிப்பதில்லை. ரொட்டிக்கடைக்காரர் மட்டும், கடிகாரம் தாமதமாகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். அன்று மாலை கிடங்கை மூடும்போது பென்சிலக்கா ஒரு பெட்டி நட்டை ஒரே முறை எண்ணி அனுப்பினாள். அதில் ஒன்று குறைந்தது. மறுநாள் ஆள் வந்து கேட்டபோது ஒன்று எடுத்துக் கொடுத்தாள்.