கொழும்புச் சேனலுக்கு ஒரு பெட்டி

கெசியா போனில் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லும்போதெல்லாம் நான் நம்பமாட்டேன். குரலை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியுமா? அவளைக் கொழும்பில் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷமாகிறது. சண்டை நடக்கிற நாடு. நினைத்ததும் ஸ்ரீவைகுண்டத்தில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு அது என்ன ஆழ்வார்திருநகரியா?

அதனால்தான் தொண்ணூற்றேழு டிசம்பரில் அவள், "எங்க சபைப் பாட்டுக் குழு டிவியில பாடுதும்மா. வார ஞாயித்துக்கிழமை சாயங்காலம். நானும் நிக்கேன்" என்று சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முகத்தைப் பார்த்துவிடலாம். ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும், பிள்ளை நன்றாக இருக்கிறாளா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே. நிகழ்ச்சி வருவது புதிதாகத் தொடங்கிய ஏதோ ஒரு சேனலில். பழைய இலங்கைச் சேனல் மாடி ஆன்டெனாவிலேயே எங்களுக்கு வந்துவிடும். இந்தப் புதுச் சேனலை எங்கள் டிவி பிடிக்காது, டிவிக்கு மேலே ஒரு பெட்டி வைக்கவேண்டும் என்றார்கள். எந்தப் பெட்டி என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு.

"பூஸ்டர் போதும்க்கா. சிக்னலைத் தூக்கிக் குடுக்கும்லா" என்றான் என் தம்பி தானியேல்.

என் வீட்டுக்காரர் பாக்கியசீலன் தலைமையாசிரியர். அவருடைய பள்ளிக்கூடத்தில் யாரோ, பூஸ்டரால் ஒரு பிரயோசனமும் இல்லை, கன்வெர்ட்டர்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இன்னொருவர் இரண்டும் ஒன்றுதான் என்றாராம். மனிதர் வெறும் டிவியை முன்னாலும் பின்னாலும் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்தால் அது வாயைத் திறந்து சொல்லிவிடுமா?

கடைசியில் காகிதத் துண்டுகளில் எழுதி மடித்து, சீட்டுப் போட்டு ஜெபம் பண்ணினார். எங்கள் ஆட்களில் பலருக்கும் உள்ள வழக்கம்தான், வேலை மாறுவதற்கும் பெண் எடுப்பதற்கும் போடுவார்கள். ஒரு டிவிப் பெட்டிக்குப் போட்டவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். முழங்கால் படியிட்டு, கண்ணை மூடி, ஒன்றை எடுத்துப் பிரித்தார். 'வேண்டாம்' என்று இருந்தது.

"வேண்டாம்னு ஒரு சீட்டு எதுக்குப் போட்டீங்க?"

"அதையும் போடணும்லா சாரா. இல்லன்னா கர்த்தரைக் கட்டாயப்படுத்துன மாதிரி ஆயிரும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இன்னொரு தடவை போடுங்கள் என்றால், கர்த்தரைச் சோதிக்கக் கூடாதாம். இனி இவரை நம்பிப் பிரயோசனமில்லை என்று மறுநாளே நான் காயல்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். வெளிநாட்டுச் சாமான் விற்கிற மொகுதூம் காக்கா கடையில் அந்தப் பெட்டிகள் கிடைக்கும் என்று தானியேல் சொல்லியிருந்தான். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் கறுப்பு, இரண்டிலும் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு திருகு. காக்கா பொறுமையாகச் சொன்னார். "இது கன்வெர்ட்டர், வராத சேனலை வர வைக்கும். அது பூஸ்டர், வார சேனலைத் தெளிவாக் காட்டும்."

"அப்பம் வராத சேனல் தெளிவா வரணும்னா?"

"ரெண்டும் வேணும். ஆனா கன்வெர்ட்டர் மட்டும் போதும்ங்கவங்களும் உண்டு. காத்தைப் பொறுத்ததுக்கா."

காற்றைப் பொறுத்ததாம். காசு கொடுத்துக் காற்றையா வாங்க முடியும்? பூஸ்டரை வேறு ஒருவருக்கு எடுத்து வைத்திருக்கிறாராம், அடுத்தது கிறிஸ்மஸ் கழிந்துதான் வருமாம். வராதது முதலில் வரட்டும் என்று கன்வெர்ட்டரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

"சீட்டுல வேண்டாம்னுலா விழுந்துது" என்றார் இவர்.

"உங்களுக்கு விழுந்துது. நான் சீட்டுப் போடலியே" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் திருகைத் திருகித் திருகிக் கை வலிக்க, எழுந்து மாடிக்குப் போனார். ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு, "வருதா?" என்று அங்கிருந்து கேட்டார்.

"வந்துது, போயிட்டு. பைய திருப்புங்க."

திடீரென்று பாட்டுச் சத்தம் கேட்டது. பிறகு படமும் வந்தது. ரவையை அள்ளிக் கொட்டியதுபோல் ஒரே புள்ளி. அதற்குள் வெள்ளைச் சேலை கட்டிய பெண்கள் வரிசையாக நின்று பாடினார்கள். இவர் இறங்கி ஓடிவந்தார்.

"முன்னால நடுவுல நிக்காலே, அவதான்" என்றேன்.

"அவளா? கெசியா உயரம்லா. அந்தக் கடைசியில பாரு."

கடைசியில் நின்றவளைப் பார்த்தேன். அவளும் கெசியாபோலத்தான் இருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் அப்படித்தான். ஒருத்திக்கும் மூக்கு முழி தெரியவில்லை. பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளை எது என்று தெரியாமல் டிவிக்கு முன்னால் முழித்துக்கொண்டு நின்றேன். கிட்டே போனால் புள்ளி பெரிதாயிற்று, தள்ளி வந்தால் ஆள் சிறிதாயிற்று. பாட்டு முடிந்து சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

நாங்கள் நடுவா கடைசியா என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"அம்மா, பாத்தியளா?"

"பாத்தேன் மக்கா."

"எப்பிடி இருந்தேன்?"

என்ன சொல்ல? எந்தத் தாயும் சொல்லுகிறதைத்தான் சொன்னேன். "என்னட்டி, இப்பிடி மெலிஞ்சு போயிருக்க?"

அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது.

"அவ்வளவு பவுடர் போட்டும் தெரிஞ்சிட்டாம்மா? உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். உண்டாயிருந்தேம்மா. தங்கல. இது ரெண்டாவது தடவ."

பக்கத்தில் நின்றவர் ஒன்றும் புரியாமல், "எங்கன நின்னாளாம்? கேளு. கடைசியிலதான?" என்று என் கையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். போனை அவரிடம் கொடுத்தேன்.

அவர் கேட்கக் கேட்க அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கெசியா அழுதுகொண்டே பேசியது எனக்கும் கேட்டது. "அம்மா என் முகத்தைப் பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டாப்பா. அம்மாட்ட என்னத்த மறைக்க முடியும்?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஆமான்னு சொல்லுங்க" என்றேன்.