பகல் தூக்கத்தில் ஓடிய கட்டில்

இரவுப் பேருந்து ஓட்டுநரின் கட்டில், அவர் பகலில் தூங்கும்போது தெருவில் இறங்கி ஓடத் தொடங்கியது ஒரு கோடையில். அதற்கு முன்பே அவர் தூக்கத்தில் காற்றைப் பிடித்து ஸ்டியரிங் வளைப்பதும், பிரேக் என்று நினைத்து மனைவியின் முழங்காலை மிதிப்பதுமாக இருந்தார். கனவில் செய்வதை உடம்பும் செய்கிற வியாதி இது என்று மாத்திரை எழுதிய டாக்டர், கட்டிலைச் சுவரோரம் போடச் சொன்னார். போட்டார்கள். கட்டில் ரிவர்ஸ் எடுத்து வாசல் வழியாகப் போயிற்று. தெருக்காரர்கள் கொஞ்சநாள் முணுமுணுத்துவிட்டு, வண்டிகளை ஓரங்கட்டப் பழகிக்கொண்டார்கள். கண்ணைத் திறந்து ஓட்டுகிறவர்களுக்கு இந்த மனுஷன் எவ்வளவோ தேவலாம் என்றுகூடப் பேச்சு.

மனைவி முன்பு அவர் பேருந்திலேயே கண்டக்டர். மகள் காய்ச்சலில் போனபிறகு வேலையை விட்டாள். அன்றிலிருந்து மரத்துப்போய்விட்டாள், கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கினாலும் உறைக்காது. அவர் உருண்டு விழுந்துவிடக் கூடாதே என்று கால்மாட்டில் உட்கார்ந்து கூடவே போனாள். ஒருநாள் மகள் படித்த பள்ளிக்கூட வாசலில் கட்டில் நின்றது. "பாத்து ஏறும்மா" என்றார் அவர், தூக்கத்திலேயே. அவள் பக்கத்தில் மெத்தை சின்னப்பிள்ளை எடைக்கு அமுங்கியது. அங்கே கையை வைத்தாள். சூடு உறைத்தது. அன்றைக்கே மாத்திரையையெல்லாம் சாக்கடையில் கொட்டினாள். முழங்கால் கன்றிப்போனால் போகட்டும் என்று விட்டாள்.

வீடு வந்ததும் அவர் விழிப்பார், மெத்தை நிமிர்ந்துவிடும். பிள்ளையை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் ஆசையில், ஒருநாள் பாதி வழியில் பழைய விசிலை எடுத்து, வண்டியை நிறுத்தச் சொல்லும் ஒற்றை விசில் அடித்தாள். கட்டில் நின்றது. மெத்தை நிமிர்ந்தது. பஸ் நின்றால் ஆள் இறங்கும் என்பது, இத்தனை வருஷம் கண்டக்டராக இருந்தவளுக்குத் தோன்றாமல் போய்விட்டது.

அவர் விழித்துப் பார்த்தார். "நீதானே விசில் அடிச்சே? ஸ்டாப் வந்துருச்சுன்னு இறங்கிட்டா."

"நிக்கட்டும்னுதாங்க அடிச்சேன்."

அழ வேண்டும் போலிருந்தது அவளுக்கு, வரவில்லை. இருவருமாகக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தார்கள்.

அதற்குப்பின் மகள் ஏறவே இல்லை. கட்டில் மட்டும் அந்த வாசலில் தவறாமல் நின்றது. நடந்துபோக அலுத்த வேறு பிள்ளைகள், முதலில் தயங்கி, பிறகு முண்டியடித்து ஏறிக்கொண்டார்கள். இப்போதும் ஏறுகிறார்கள். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, நிற்கிற பிள்ளைகளின் பைகளை மடியில் வாங்கி வைத்துக்கொள்கிறாள்.