நான்கு என்று எழுதிய கோப்பு

நாற்பது கேமராப் போர்டுகளும் திரையில் கறுப்பைத்தான் காட்டின. சாலிடரிங் சரியில்லை என்று மேலாளர் பிரசாந்த் காலையிலேயே அறிக்கை எழுதி வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டான். போர்டில் கேமரா வைத்துப் பற்றவைக்கிற மாதம்மாவை மத்தியானத்தோடு நிறுத்திவிடச் சொல்லியாயிற்று. மைசூர் ஹெப்பால் தொழிற்பேட்டையில் ஏழு வருஷம் ஒரே நாற்காலியில் குனிந்து கிடந்தவளை வெளியே அனுப்ப ஒரு தாள் போதுமாயிருந்தது.

ஜோதிமணி அதை நம்பவில்லை. நாற்பதிலுமா ஒருத்திக்குக் கை தவறும்? அவள் அங்கே மென்பொருள் எழுதுகிறவள். போர்டுகளை ஒதுக்கிவிட்டு டிவைஸ் ட்ரீ கோப்பைத் திறந்தாள். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பார்க்க, போர்டை இயக்கும் லினக்ஸுக்குக் கண் கிடையாது. அந்தக் கோப்பில் எழுதியிருப்பதை அப்படியே நம்பும். கேமரா முனை, பிராசஸர் முனை, இரண்டிலும் படம் வரும் பாதை நான்கு என்று இருந்தது. போர்டின் வரைபடத்திலோ இரண்டே பாதை. இல்லாத பாதைகளில் படம் வருமென்று காத்துக்கொண்டுதான் எல்லாம் இருண்டு கிடந்தன. பழைய போர்டின் கோப்பை வரி மாறாமல் நகலெடுத்துப் போட்ட புண்ணியவான் யார் என்று பார்த்தாள். பிரசாந்த்.

நேரே அவன் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவன் ஒரு நொடிதான் விழித்தான். பிறகு வழக்கம்போலக் கன்னடமும் தமிழும் கலந்து பேசினான்.

“ஓ, ஹௌதா? சரி, சைலண்டா ஃபிக்ஸ் பண்ணிடு. ரிப்போர்ட் போயாச்சு.”

“அப்ப மாதம்மாக்கா?”

“ஹோக்லி பிடு, ஜோதி. கான்ட்ராக்ட்தானே? வேற எங்கியாச்சும் சேர்ந்துக்குவாங்க.”

போகட்டுமாம்! பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். அவள் தன் இடத்துக்குத் திரும்பிக் கோப்பைத் திறந்தாள். இரண்டு முனையிலும் நான்கை இரண்டாக்கினாள். ஒரு போர்டில் ஏற்றி, திரையோடு தூக்கிக்கொண்டு கீழே அசெம்பிளி கூடத்துக்கு இறங்கினாள்.

மாதம்மா தன் உருப்பெருக்கியைத் துடைத்து ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். ஜோதிமணி அவள் மேஜையிலேயே போர்டை வைத்து மின்சாரம் கொடுத்தாள். திரையில் விளக்கு வந்தது, நீல மேலங்கிகள் வந்தன, பிறகு மாதம்மாவின் முகம். வரிசை வரிசையாகப் பெண்கள் எழுந்து வந்தார்கள்.

“உங்க வேலைல ஒரு தப்பும் இல்லீங்க்கா. கோப்புல தப்பு. எழுதுனவரு அதோ வர்றாரு.”

பின்னாலேயே ஓடிவந்த பிரசாந்த் சிரிக்கப் பார்த்தான். “ஏதோ கன்ஃப்யூஷன் ஆயிடுச்சு, மாதம்மா. ஆயித்து, போய் உக்காருங்க.”

மாதம்மா உட்காரவில்லை.

“எம்மேல பழியத் தாள்ல எழுதித்தானுங்க அனுப்புனீங்க? இப்ப வாய்ல சொன்னா ஆச்சுங்களா? தப்பு யாருதுன்னு அதையும் தாள்லயே எழுதுங்க. அது போன எடத்துக்கெல்லாம் இதும் போவோணும்.”

மேஜையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினாள். பிரசாந்த் கேமராவுக்கு நேர் எதிரே நின்றிருந்தான். திரை முழுக்க அவன் வேர்த்த முகம். ஓரத்தில் அந்தப் பேனா. சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்தது. கூடத்தில் ஒருத்தியும் நகரவில்லை.