மூன்றாம் கூடத்தில் கேட்ட மன்னிப்பு

காலை எண்ணிக்கையில் ஓர் ஆள் குறைந்தது. இருபத்தாறு வருடமாகக் கைதிகளை எண்ணுகிறேன். முதல் தடவையிலேயே சரிவந்த நாட்களைக் கைவிரல்களுக்குள் அடக்கிவிடலாம். எவனாவது கழிப்பறையில் குந்தியிருப்பான், எவனாவது போர்வைக்குள் சுருண்டு கிடப்பான். மூன்றாம் கூடத்தில் முப்பத்தொன்பது பேர் இருக்க வேண்டும். முப்பத்தெட்டுத்தான் வந்தது. எரிச்சலோடு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியபோது மின்ஹாஜ் என் முன்னால் வந்து நின்றான்.

"சேர், நான் ஏதும் பிழையாப் பேசியிருந்தா, மனம் நோக நடந்திருந்தா, பொருந்திக்கங்க."

மன்னிக்கச் சொல்வதை எங்கள் பக்கத்து முஸ்லிம் ஆட்கள் அப்படித்தான் கேட்பார்கள். எனக்கோ பதினேழா பதினெட்டா என்று எண்ணிக்கை குழம்பிப் போனதுதான் அந்த நேரத்தில் பெரிதாக இருந்தது.

"சரி சரி, பொருந்திட்டன் தம்பி. போய் வரிசையில நில்லுங்க."

அவன் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போய் நின்றான். அடுத்த தடவை எண்ணிக்கை சரிவந்தது. நல்ல பிள்ளை, இவனைப் போல மற்றவர்களும் இருந்தால் இந்த உத்தியோகம் இவ்வளவு வெறுத்துப் போகாது என்றுகூட நினைத்தேன். என் மூளை அவ்வளவுதான்.

எங்களுடையது வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிற சின்ன விளக்கமறியல் சிறை. பெரிய குற்றவாளிகள் இங்கே வருவதில்லை. வழக்குத் தவணைக்குக் காத்திருப்பவர்களும், சமையலறை வேலைக்கென்று வைத்திருக்கிற சில தண்டனைக்காரர்களும்தான். மின்ஹாஜ் ஓட்டமாவடிக்காரன், முப்பத்தொரு வயது, டிப்பர் ஓட்டியவன். கல்குடா வீதியில் அவன் வாகனம் மோட்டார் சைக்கிள் ஒன்றில் மோதியது. தகப்பன் அந்த இடத்திலேயே முடிந்தார். பின்னால் இருந்த மகள் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்தக் காலைக்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, அவனைப் பார்க்க வந்த மனைவி முப்லிஹா, அந்தப் பிள்ளையும் போய்விட்டது என்று கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லிவிட்டு அழுதாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். "இனி வர வேணாம்" என்று அவன் அவளிடம் சொன்னதையும் கேட்டேன். நேரம் முடிந்தது என்று மணி அடித்தவனும் நான்தான்.

இங்கே கோணாமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் உன்னிச்சைப் பக்கத்து வேளாண்மைக்காரர், போன வருடம் இங்கே இருந்தார். "எனக்கு உயிரோட இருக்க விருப்பமில்ல" என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். சொன்னதும் எல்லாம் சுற்றறிக்கைப்படி நடந்தது. தனி அறையில் போட்டோம். உடுப்பு முதற்கொண்டு எடுத்துக்கொண்டோம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துப் புத்தகத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். நான் ஒரு தடவையும் தவறவில்லை, பொய்க் கையெழுத்தும் வைக்கவில்லை. இரண்டு பார்வைகளுக்கு நடுவில் மனுசன் போய்விட்டார்.

விசாரணைக்கு வந்தவர்கள், பார்த்தீரா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றேன். புத்தகமும் அதையே சொன்னது. பேசினீரா என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்று நாளில் அந்த மனுசனிடம் நான் பேசியது "சாப்பாடு" என்ற ஒரேயொரு சொல். என்னில் பிழையில்லை என்று கடிதம் வந்தது. அதை வாசித்த அன்று எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் சிறையில் ஒருவனும் அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. மேலிடத்துக்குச் சந்தோசம், நிலைமை சீராகிவிட்டதாம். சொன்னால் அந்த அறைதான் கிடைக்கும் என்று கைதிகளுக்குத் தெரியும். அதுதான் காரணம்.

நலன்புரி அலுவலர் தக்ஷாயினி மிஸ்ஸுக்கும் அது தெரியும். சின்ன வயது, வேலையில் இன்னும் நம்பிக்கை விட்டுப் போகாதவர். கைதிகளைக் கண்காணிக்கிற முறையைத் திருத்தி எழுதச் சொல்லி அவரிடம் கொடுத்திருந்தார்கள். நான்கு தடவை எழுதி அனுப்பினார், நான்கு தடவையும் திரும்பி வந்தது. ஐந்தாவதை எழுதும்போது என்னிடம் கேட்டார்.

"அண்ணன், 'பார்த்தார்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில 'பேசினார்' எண்டும் ஒரு கட்டம் போடுவமா?"

"போடுங்க மிஸ். அதிலயும் ஒரு கையெழுத்து வெச்சிட்டாப் போச்சு."

பகிடியாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அன்று பத்து மணிக்குச் சமையலறையிலிருந்து, எல்லாருக்கும் மூத்த அண்ணன் மாதிரியான பக்கீர் காக்கா பிளேன்டீ கொண்டுவந்தார். ஒன்பது வருடத் தண்டனையில் ஆறாவது வருடம் அவருக்கு. தேநீரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"மின்ஹாஜ் உங்களுக்கிட்டயும் பொருத்தம் கேட்டானா சேர்?"

"கேட்டான் காக்கா. மரியாத தெரிஞ்ச பொடியன்."

"எனக்கிட்டயும் கேட்டான். கூடத்தில ஒருத்தர் மிச்சமில்லாமக் கேட்டிரிக்கான். உடுக்கிற புதுச் சாரன், சோப்பு எல்லாத்தையும் பக்கத்துப் பாய் ஸாஹிருக்குத் தூக்கிக் குடுத்திட்டான்." குரலைத் தணித்தார். "ஹஜ்ஜுக்குப் போற ஆக்கள்தான் சேர் இப்பிடி ஆளாளாத் தேடிப்போய்ப் பொருத்தம் கேப்பாங்க. இவன் எங்க போறான்?"

எடுத்த தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

"இத ஏன் காலையிலயே செல்லல்ல காக்கா?"

"செல்லியிருந்தா அந்த அறைக்குள்ள போட்டிருப்பீங்க. இப்பவும் பயந்துதான் செல்றன்."

நேரே மிஸ்ஸின் அறைக்குப் போனேன். அவர் என்னையும் இழுத்துக்கொண்டு பொறுப்பு ஜெயிலர் மர்சூக் சேரிடம் போனார். மர்சூக் சேர் கெட்டவர் அல்ல. அவருக்குச் சுற்றறிக்கைக்கு வெளியே கால் வைக்கப் பயம். யாருக்குத்தான் இல்லை?

"தனி அறையில போடுங்க. பதினஞ்சு நிமிசத்துக்கு ஒருக்காப் பாருங்க. எனக்கிட்ட இருக்கிற கடதாசி அதத்தான் செல்லுது."

"அந்தக் கடதாசி இருக்கக்குள்ளதான் கோணாமலை ஐயா செத்தார் சேர்," என்றார் மிஸ். "இவருக்கு மனிசர் பக்கத்தில இருக்கணும். கூடத்திலேயே வெச்சு, ரெண்டு பக்கமும் நம்பிக்கையான ஆக்களப் படுக்க வெப்பம். காவலர் ஒருவர் கூடத்து வாசலை விட்டு அசையக்கூடாது. ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு நான் கதைக்கிறன்."

"உங்கட திட்டம் இன்னும் ஒப்புதலாகல்லயே மிஸ். ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு?"

"என்ட பேர எழுதுங்க சேர்," என்று ஒரு குரல் கேட்டது. என்னுடைய குரல்தான்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஓய்வூதியத்துக்கு எட்டு மாதம் இருக்கிறது. வீட்டில் மனைவி சீதேவி கேள்விப்பட்டால், "ஊரில வேற ஆக்கள் இல்லயா, நீங்கதான் முன்னுக்கு நிக்கணுமா?" என்பாள். மர்சூக் சேர் வெள்ளைத்தாள் ஒன்றைத் தள்ளினார். எழுதிக் கொடுத்தேன்.

"நீங்களே கதைங்க அண்ணன். உங்களத் தேடித்தானே காலையில வந்தவர்," என்றார் மிஸ். "சுத்தி வளைக்காம நேரடியாக் கேளுங்க. நாம கேக்கிறதால அந்த யோசனை புதுசா வந்திடாது."

தண்ணீர்த் தாங்கியின் நிழலில் மின்ஹாஜைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நானும் தரையில் உட்கார்ந்தேன். சீருடையோடு ஒரு கைதிக்குப் பக்கத்தில் நான் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கள்ளச் சாமான் இருக்கா, கைபேசி ஒளித்தாயா என்று எத்தனையோ கேட்ட வாய். இதை மட்டும் அது ஒருவனிடமும் கேட்டதில்லை.

"தம்பி, சாகிற யோசனை ஏதும் இருக்கா?"

"ஓம் சேர்."

சாப்பிட்டாயா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதைப் போலச் சொன்னான்.

"முப்பத்தெட்டுப் பேருக்கிட்டக் கேட்டன் சேர். உங்களுக்கிட்டயும் கேட்டன். எல்லாரும் பொருந்திட்டம் எண்டு செல்லிட்டாங்க. என்னத்துக்குக் கேக்காய் எண்டு ஒருத்தராவது கேக்கல்ல."

"நானும் கேக்கல்ல," என்றேன். "பிழைதான்."

"பொருந்த வேண்டிய ரெண்டு பேரும் மௌத்தாப் போய்ட்டாங்க. அவங்களுக்கிட்ட எப்பிடிப் போய்க் கேக்கிற?"

எனக்கு ஞானமும் இல்லை, படிப்பும் இல்லை. உன்னில் பிழையில்லை என்று சொல்லலாம் என்றால், அவன் வேகமாக ஓட்டினானா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவனே பேசத் தொடங்கினான். அந்தப் பிள்ளையின் செருப்பு ஒன்று வீதியில் கிடந்ததைச் சொன்னான். கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறதாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினான். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது, இரண்டு பேரும் எழும்பவில்லை. எனக்கு உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் இருந்தது.

நாளை காலை வைத்தியர் வருவார் என்று மிஸ் தகவல் கொண்டுவந்தார். அதுவரை அவனைக் காப்பாற்றி வைக்க வேண்டும். அவ்வளவுதான், ஓர் இரவு.

மாலை ஐந்துக்குக் கூடம் பூட்டும் நேரம் பக்கீர் காக்கா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு மட்டும் மூன்றாம் கூடத்தில் படுக்க அனுமதி வாங்கியிருந்தேன். பாயை மின்ஹாஜின் பக்கத்தில் விரித்துவிட்டு, கூடத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"மின்ஹாஜ், காலையில பொருந்திட்டன் எண்டன். அது செல்லாது. நான் பொருந்தல்ல."

மின்ஹாஜ் விழித்தான். "என்ன காக்கா?"

"போன கிழம என்ட பருப்புல உப்பெண்டு செல்லி அவ்வளவு பேருக்கும் முன்னால கொட்டினாய். ஆறு வருசமாச் சமைக்கன், ஒருத்தன் அப்பிடிச் செய்யல்ல. அதப் பொருந்தேலாது."

ஸாஹிர் எழும்பி வந்து புதுச் சாரனை மின்ஹாஜின் மடியில் போட்டான். "இந்தா, உன்ட சாரன். நானும் பொருந்தல்ல. நீ குறட்ட விட்டு எனக்கு நித்திர இல்ல."

யாரோ சிரித்தார்கள். மூலையிலிருந்த மீன்பிடிக்காரன் ஒருவன், "எனக்கு ஒண்டும் விளங்கல்ல. ஆனா நானும் மன்னிக்கல்ல," என்றான். பிறகு ஒவ்வொருவராகத் தொடங்கினார்கள். ஒருவனுக்கு வாளி, ஒருவனுக்குப் படுக்கிற இடம், ஒருவனுக்குக் காரணமே இல்லை. இதற்கெல்லாம் ஒத்திகை பார்த்தார்களா என்று நான் இன்றைக்கும் கேட்கவில்லை.

"விளையாடுறீங்களா?" மின்ஹாஜ் கத்தினான். முகம் சிவந்துவிட்டது. இரண்டு நாளில் அவனுக்குக் கோபம் வந்ததை அப்போதுதான் கண்டேன்.

பக்கீர் காக்கா அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"இத்தன மனிசர்ட மனக்குற கழுத்தில இரிக்கக்குள்ள நீ எங்கயும் போக ஏலாது வாப்பா. எங்களோட இரி. மெதுமெதுவாத் தீர்ப்பம்."

அதற்குப் பிறகுதான் மின்ஹாஜ் அழுதான். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக ஒழுக அழுதான். ஒருவரும் அவனைத் தேற்ற அவசரப்படவில்லை. ஸாஹிர் அதே சாரனால் அவன் முகத்தைத் துடைத்தான். மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்று எனக்குத் தெரியாது. இப்படியொரு கயிற்றில் ஓர் ஆளை எத்தனை நாள் கட்டி வைக்கலாம் என்றும் தெரியாது. தக்ஷாயினி மிஸ் இதை எந்தக் கட்டத்தில் எழுதப் போகிறார் என்றும் தெரியாது. ஆனாலும் கம்பிக்கு வெளியே நின்ற எனக்குக் கண் கலங்கியது உண்மை.

ஆறு மணிக்கு இரவுக் காவலன் வந்தான். "பாத்திட்டுப் போயிடாத. வாசல்லயே கதிரையப் போட்டு இரு. அவன் முழிச்சிருந்தாக் கத. என்னத்தையாவது கத," என்று சொல்லிப் பூட்டின் திறப்பைக் கொடுத்தேன். கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. வீட்டுக்குப் போய்ச் சரிந்தால் போதும் என்றிருந்தது.

திரும்பும்போது மின்ஹாஜ் கம்பிக்குப் பக்கத்தில் வந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"சேர், நீங்களாவது பொருந்துங்க."

"இப்ப ஏலாது. நாளைக்குப் பாப்பம்."

"நாளைக்கு வருவீங்களா?"

நாளை எனக்கு ஓய்வு நாள். பன்னிரண்டு நாள் தொடர்ந்து வேலை செய்து கிடைத்தது.

"வருவன்," என்றேன். "நான் வரக்குள்ள நீங்க இங்க இரிக்கணும்."

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிறகு, எத்தனை மணிக்கு என்று கேட்டான்.