அப்பா வந்துரட்டும்

தையல்காரி மூன்று ஆண்டுகளுக்கு மேல் நிறைமாதக் கர்ப்பிணியாகவே இருந்தாள். அந்தக் காலத்தில் தெருவில் இரண்டு வீடுகள் கைமாறின, ரொட்டிக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடி போட ஆரம்பித்தார், தண்ணீர்க் குழாய் ஒருமுறை உடைந்து சரியானது. அவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய செய்திதான் இதுவும்.

அவள் கணவன் கப்பலில் இயந்திரம் பார்க்கிறவன். பிரசவத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லிப் போயிருந்தான். கப்பல் கரை சேர ஒரு வாரம் இருக்கையில், ஒரு காலைப் பொழுதில், சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு வலி கண்டது. அவள் வயிற்றைத் தடவி, "இரு கண்ணு, அப்பா வந்துரட்டும்" என்றாள். வலி அப்படியே நின்றது. பெற்றவள் சொல்லைத் தட்டாத பிள்ளை அது, இருந்துவிட்டது. கப்பல் வரவில்லை. கப்பல் கம்பெனி அலுவலகத்தில் கேட்டால், வேறு துறைமுகத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள் என்றார்கள், பிறகு விசாரிக்கிறோம் என்றார்கள், பிறகு அந்த அலுவலகத்தில் வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கென்று கட்டி வைத்த பை கதவருகே ஆணியில் தொங்கியது. துவைத்து மடித்த பழந்துணிகள், ஒரு பிளாஸ்க், உள்ளங்கை அளவுச் சட்டைகள். ஓராண்டு கழிந்ததும் அவள் அந்தச் சட்டைகளை எடுத்துவிட்டுப் பெரியதாகத் தைத்து வைத்தாள். அடுத்த ஆண்டு பொத்தான் வைத்த சட்டைகள் வந்தன, அதற்குப் பிறகு வார் வைத்த செருப்பு. செருப்புக்கு அளவைக் குழந்தையிடமே கேட்டாள். அது விலாவுக்குக் கீழே பாதத்தை அழுத்திக் காட்ட, துணியில் குறிபோடும் சுண்ணக்கட்டியால் வயிற்றின் மேலேயே சுற்றி வரைந்துகொண்டாள்.

வயிறு பெருக்கவில்லை, கனம்தான் கூடியது. ரொட்டிக்கடைக்காரர் அவள் உட்கார்ந்து மூச்சு வாங்கிப் போகக் கடைவாசலில் பெஞ்ச் போட்டார். சலவைக்காரர் கேட்காமலே தண்ணீர் தூக்கி வைத்தார். எதிர்வீட்டுக்காரி, "உள்ளயே படிச்சு வேலைக்குப் போயிட்டுதான் வெளிய வரும்போல" என்று கேலி செய்வாள், ஆனால் வீட்டைப் பெருக்கிவிட்டுத்தான் போவாள். பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸம்மா வேலை முடிந்து போகிற வழியில் வந்து, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பாள். கல்லுக்குண்டு மாதிரி இருக்கு என்பாள். வீங்கிய காலைப் பிடித்துவிடுவாள். கடவுளிடம் கேட்டது வராத வீடுகளுக்கு அவர் இப்படிச் சில கைகளை அனுப்பத் தவறுவதில்லை.

ஒருநாள் நர்ஸம்மா கேட்டாள். "அன்னைக்கு வலி எப்படி நின்னுச்சு? ஏதாவது சொன்னியா?"

"இருன்னு சொன்னேன்க்கா."

"அடிப்பாவி! அப்ப வான்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

"சொன்னா, அவர் வரமாட்டார்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்க்கா."

நர்ஸம்மா அவளுடைய மற்றக் காலையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

யாராவது கதவைத் தட்டினால் குழந்தை துள்ளிக் கதவுப் பக்கம் திரும்பும். வந்தவர் குரலைக் கேட்டதும் மெல்லத் தன் இடத்துக்கே இறங்கிவிடும். தனக்குள் இருப்பதும் அதே துள்ளல்தான் என்பதால் தாய் அதைப் பெரிதாக எண்ணவில்லை. மழை விட்ட ஒரு மத்தியானம் சலவைக்காரர் கதவைத் தட்டினார். குழந்தை துள்ளவில்லை. அவர் மறுபடி தட்டினார். உயிர் இருந்தது, அசைவும் இருந்தது, ஆனால் அது கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. மூன்று ஆண்டுகளாக வராத பயம் அப்போதுதான் அவளுக்கு வந்தது. தையல் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கணவனின் பெயரை ஒருமுறை மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு வாய்விட்டு, "அப்பா வரல கண்ணு. அம்மா இருக்கேன். நீ வா" என்றாள்.

பிரசவம் சாதாரணமாகத்தான் நடந்தது, கொஞ்சம் நேரம் பிடித்தது. பெண் குழந்தை. தோள்வரை முடி, வாய் நிறையப் பல். ஆஸ்பத்திரித் தராசு தாங்காமல், ரொட்டிக்கடையில் மாவு மூட்டை நிறுக்கும் தராசை எடுத்து வந்தார்கள். எல்லாக் குழந்தைகளையும் போலவே அழுதது. அழுது முடித்து, "வெளிச்சமா இருக்கும்மா" என்றது.

மறுநாள் இருவரும் கைகோத்து நடந்துவந்து பேருந்தில் ஏறினார்கள்.

"மூணு வயசாயிட்டா அரை டிக்கெட் எடுக்கணும்மா" என்றார் கண்டக்டர்.

"நேத்துதாங்க பொறந்தா."

கண்டக்டர் குழந்தையின் பல்வரிசையைப் பார்த்தார், கம்பியை இறுகப் பற்றியிருந்த தாயின் வெளுத்த முகத்தையும் பார்த்தார். டிக்கெட் கட்டைப் பைக்குள் வைத்தார். "யாராச்சும் எந்திரிங்கப்பா, பச்ச ஒடம்புக்காரி நிக்குது" என்று சத்தம் போட்டார். நாலைந்து ஆண்கள் எழுந்தார்கள். குழந்தை அவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் நிதானமாகப் பார்த்து முடிக்கும்வரை தாய் காத்திருந்தாள். பிறகு அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.