பல்ஸ் நூற்று நான்கு

டீச்சருக்குக் குழந்தை பிறந்து ஐந்து மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான்கு முறை எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். திறந்ததும் மூடச் சொன்னாள். தண்ணீர் கேட்டு வாங்கி, இரண்டு மடக்கோடு டம்ளரைத் தள்ளினாள்.

"மகாராணிக்கு இன்னும் என்ன வேணும்? பத்து நிமிஷம் சும்மா படேன்" என்றாள் நாத்தனார்.

நாத்தனாருக்குப் பஸ் டெப்போவில் டைம்கீப்பர் வேலை. வெளியூரில் வேலை பார்க்கும் தம்பி ரயிலில் வந்துகொண்டிருந்தான். பிரசவம் இரண்டு வாரம் முந்திக்கொண்டதால் துணைக்கு வேறு ஆள் இல்லாமல் இவள் வந்திருந்தாள். தம்பி மனைவி பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வீட்டிலும் அவளுக்கு 'டீச்சர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நான்கு வருஷமாக இருவருக்கும் ஆகாது. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. இவள் விளக்கைப் போட்டால் அவள் அணைப்பாள், அவ்வளவுதான்.

"அண்ணி, வலது பக்கம் உள்ள என்னமோ அழுத்துது. இடுப்புல கல்லை வெச்சுத் தெச்ச மாதிரி."

"புள்ளை பெத்தா வலிக்கத்தான் செய்யும். நடிக்காம படு."

டீச்சர் பதில் சொல்லவில்லை. ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்காமல் விட்டவள் இல்லை அவள். நாத்தனாருக்கு அதுதான் உறுத்தியது. போய் நர்ஸை அழைத்து வந்தாள்.

நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், துணியை விலக்கிப் பார்த்தாள். "ரத்தம் அளவாத்தான் போகுது. கர்ப்பப்பை நல்லா சுருங்கியிருக்கு. பிரஷர் நூறு, பல்ஸ் நூத்தி நாலு. பிரசவ அசதியில இவ்வளவு இருக்கும்மா." வலிக்கு ஊசி போட்டுவிட்டுப் போனாள்.

நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். கதவு வரை போய்த் திரும்பினாள். நூற்று நாலு. அந்த எண் காதுக்குள் கொசு மாதிரி சுற்றியது. டீச்சரின் பீற்றல்களிலேயே இவளுக்கு ஆகவே ஆகாத ஒன்று, மணிக்கட்டில் கட்டிய பல்ஸ் அளக்கும் கடிகாரத்தைக் காட்டி, "எனக்கு அம்பத்தாறுதான் அண்ணி, ஓட்டக்காரி இதயம்" என்று சாப்பாட்டு மேஜையில் சொல்வது. வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோதுகூட எழுபத்தைந்தைத் தாண்டவில்லை என்று போன மாதம்தான் அளந்தாள்.

நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள். உள்ளங்கை ஈரமாக, சில்லென்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ணினாள். நூற்று இருபத்திரண்டு.

"விடுங்க அண்ணி, நான் எந்திரிக்கணும்."

"எங்க போற?"

"தெரியல."

உதடு வெளுத்திருந்தது. நாத்தனார் நர்ஸிடம் ஓடினாள்.

"டாக்டர் ஆபரேஷன்ல இருக்காங்க. வந்ததும் பார்ப்பாங்க" என்றாள் நர்ஸ்.

"அதுவரைக்கும் தாங்காது. அவ ஓட்டக்காரி. எப்பவும் அம்பத்தாறு. உங்க நூத்தி நாலு அவளுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இப்ப அதையும் தாண்டிடுச்சு."

"நீங்க டாக்டராம்மா?"

"இல்ல, டைம்கீப்பர். வண்டி சரியா ஓடலைன்னா எனக்குத் தெரியும். எந்திரிச்சு வாங்க."

நர்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வந்தாள். கருவியைக் கட்டிப் பார்த்ததும் சுளிப்பு மறைந்தது. பிரஷர் எண்பதுக்கு இறங்கியிருந்தது. அதன் பிறகு யாரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள். டாக்டர் வந்தார். ஸ்கேன் கருவியைக் கட்டிலுக்கே உருட்டி வந்தார்கள்.

டாக்டர் நாத்தனாரை ஓரமாக அழைத்தார். "வெளியில ரத்தம் தெரியல, ஏன்னா எல்லாம் உள்ளேயே தேங்குது. கர்ப்பப்பைக்குப் பக்கத்துல ரத்தக்குழாய் ஒண்ணு கிழிஞ்சிருக்கு. அபூர்வமா வர்றது, நானே மூணாவது தடவைதான் பார்க்கறேன். உடனே வயித்தைத் திறக்கணும். ரத்தம் நிக்கலைன்னா கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரலாம்."

டீச்சருக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. நாத்தனார் தம்பிக்குப் போன் போட்டாள். ரயில் இரைச்சலில் அவன் குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"எதை வேணா எடுக்கட்டும்க்கா. அவ வேணும். நீ கையெழுத்துப் போடு."

போட்டாள்.

ஆபரேஷன் தியேட்டர் கதவு சாத்தியதும் குழந்தையைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தார்கள். அது வீறிட்டது. தூக்கிக்கொண்டு நடந்தாள். நின்றால் அது அழுதது. உட்கார்ந்தால் இவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரத்தப் பைகளோடு ஆட்கள் உள்ளே போவதும் வெறுங்கையோடு வருவதுமாக இருந்தார்கள். யாரும் முகம் கொடுக்கவில்லை. 'நடிக்காம படு' என்று தன் வாயால் சொன்னதே மண்டைக்குள் ஓடியது.

இரண்டரை மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். முகமூடியின் தடம் கன்னத்தில் பதிந்திருந்தது. "கிழிஞ்ச இடத்தைக் கட்டிட்டோம். ரெண்டு லிட்டருக்கு மேல உள்ளே தேங்கியிருந்துச்சு. கர்ப்பப்பையை எடுக்கல. இன்னிக்கு ஒரு நாள் பார்க்கணும்."

அன்று மாலை தம்பி வந்தான். அக்காவின் தோளில் முகத்தை வைத்து அழுதான். அவன் சட்டையைப் பிடித்து நிமிர்த்தி, "முதல்ல கையைக் கழுவிட்டுப் பிள்ளையை வாங்கு. என் தோள் விட்டுப்போச்சு" என்றாள் அவள்.

ஐந்தாம் நாள் டீச்சரை நடக்கச் சொன்னார்கள். நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் அடி மேல் அடி வைத்தாள்.

"மெதுவா."

"இதைவிட மெதுவான்னா நிக்கத்தான் வேணும் அண்ணி."

பாதி வழியில் நாத்தனார் நின்றுவிட்டாள். "அன்னிக்கு உன்னை நடிக்காதன்னு சொன்னேன். அதை நினைச்சா இன்னும் ஒரு இடத்துல உட்கார முடியல."

டீச்சர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். "கேட்டுச்சு. கோபம்கூட வந்துச்சு. திருப்பிச் சொல்லத்தான் தெம்பில்ல." நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. ஒண்ணு விடாம" என்றாள்.

நாத்தனார் சொல்ல ஆரம்பித்தாள். ரயில் இரைச்சல் வரை வந்தபோது அறைக்குள் குழந்தை அழுதது. டீச்சர் அவள் கையை இறுகப் பிடித்து, திரும்பி, அவளையும் இழுத்துக்கொண்டு நடந்தாள்.